இடிந்த நகரும் இறைநகரும்

கி.பி. 410 ஆகஸ்டு 24ஆம் நாள் அலாரிக் தலைமையில் விசிகோத்தியர் உரோமை நகருக்குள் புகுந்தனர். மூன்று நாள்கள் கொள்ளை நடந்தது. ஏறத்தாழ 800 ஆண்டுகளாக அயலவர் கைக்கு எட்டாதிருந்த நகர் அது. பெத்லகேமில் எசேக்கியேல் நூலுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்த புனித எரோணிமுஸ், செய்தி கேட்டுக் கலங்கிப் பணியைத் தொடர இயலாது நின்றார்.

கலக்கத்தோடு ஒரு குற்றச்சாட்டும் எழுந்தது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதாலேயே நகர் வீழ்ந்தது. பழி கிறிஸ்தவர்களுடையது என்றனர். அதற்கு மறுமொழியாக ஹிப்போ ஆயர் புனித அகுஸ்தினார் 413 அளவில் தொடங்கியதே 'இறைநகர்'. 22 பகுதிகள் கொண்ட அந்நூல் நிறைவுபெறப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாயின. அதன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நம்மில், அதைத் திறந்து பார்த்தவர் சிலரே. புனிதரின் நூல் என்பதற்காக வணங்கி வைத்துவிடாமல், எடைபோட்டுப் படிப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

முதற்பத்துப் பகுதிகள் மறுப்புரை. எஞ்சிய பன்னிரண்டும் இரு நகரங்களின் தோற்றம், வளர்ச்சி, முடிவு பற்றியவை. நூலின் பேராற்றல், பேரரசுக்காகக் கண்ணீர் வடிக்க மறுப்பதில் இருக்கிறது. நீதி நீங்கிய அரசைப் பெரியதொரு கொள்ளைக் கூட்டத்தோடு நான்காம் பகுதியில் அவர் ஒப்பிடுகிறார். உரோமைக் கல்வியால் உருவான ஒருவர் இவ்வாறு எழுதத் துணிந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. செசரியா ஆயர் யுசேபியு, மன்னர் கான்ஸ்டன்டைனின் ஆட்சியில் இறைத்திட்டத்தின் நிறைவையே கண்டார். அகுஸ்தினாரோ கிறிஸ்தவ மன்னரின் அரசையும் இறைநகராக எண்ணவில்லை. இரு நகரங்களும் இறுதித் தீர்ப்புவரை கலந்தே நிற்கும். திருச்சபைக்குள்ளும் அக்கலப்பு உண்டு என்பது அவர் முடிவு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கொள்ளையின்போது வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றி முதற்பகுதியில் பேசுகிறார். மானத்துக்காக உயிர்விட்ட உலுக்ரேசியாவைப் போற்றிய சமுதாயத்தில், பிறர் இழைத்த வன்முறையால் கற்பு அழிவதில்லை, கற்பு உள்ளத்தின் பண்பு என்று அவர் வாதிட்டது துணிவான ஆறுதல். ஆனால் சில பக்கங்கள் கடந்ததும், தங்கள் உள்ளத்தில் செருக்கு மறைந்திருந்ததா என ஆராயுமாறு அப்பெண்களையே கேட்கிறார். காயத்துக்கு மருந்திட்ட கையே அதைக் கிளறிவிடுகிறது. அடிமை முறையைப் பாவத்தின் விளைவென்று விளக்கியவர், அதை ஒழிக்க வேண்டுமென்று கேட்கவில்லை. அரசின் வன்மையை இவ்வளவு தெளிவாகக் கண்டவரே, தொனாத்து பிரிவினரை அடக்க அவ்வரசின் கைவலிமையை ஏற்றார். இம்முரண்பாடு பிற்காலத் திருச்சபைக்கு எளிதில் தீராத சுமையாயிற்று.

பழைய குற்றச்சாட்டு புதுவடிவில் மீண்டும் வந்தது. 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக எட்வர்ட் கிப்பன் எழுதிய உரோமை வீழ்ச்சி வரலாறு, காரணங்கள் பலவற்றுள் கிறிஸ்தவத்தையும் ஒன்றாக்கியது. பொறுமையைப் போதித்த மறை போர்க்குணத்தைத் தளர்த்திற்று என்பது அவர் வாதம். திருச்சபை அந்நூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. தடையைவிட வரலாறே தக்க விடை தருகிறது: மேற்கைப் போலவே கிறிஸ்தவத்தில் ஊறிய கீழைப் பேரரசு 1453 வரை நிலைத்தது. மேற்கை வீழ்த்தியவற்றுள் உள்நாட்டுப் போர்களும், ஊணர் நெருக்கடியால் பெயர்ந்த மக்களும், 439இல் கார்த்தேசு பறிபோனதால் இழந்த ஆப்பிரிக்க வரிவருவாயும் அடங்கும்.

476இல் மேற்கின் கடைசி மன்னர் அகற்றப்பட்டார். அதன் மரபோ அழியவில்லை. யுஸ்தினியான் தொகுத்த சட்டம் ஐரோப்பிய நீதிமன்றங்களில் வாழ்ந்தது. நம் வீட்டுக்குள்ளும் அம்மரபு இருக்கிறது. 'மறைமாவட்டம்' என நாம் வழங்குவதன் இலத்தீன் பெயர், தியோக்கிளேசியான் வகுத்த ஆட்சிப் பிரிவின் பெயர். 303இல் நம் மறையைக் கொடிதாகத் துன்புறுத்தியவரும் அவரே! பசிலிக்கா என்பது முதலில் வழக்கும் வாணிபமும் நடந்த மண்டபம். பேரரசின் கலங்களில் நற்செய்தியை ஏந்தியது தவறன்று. கலத்தோடு அரியணை மோகத்தையும் ஏந்திக்கொண்டோமா என்பதே நம்மைச் சுடும் கேள்வி. கோபுரத்தின் உயரத்தையும் விழாவின் ஆடம்பரத்தையும் கொண்டு விசுவாசத்தை அளக்கும்போதெல்லாம், நாம் அகுஸ்தினாரை விட்டு யுசேபியுவின் பக்கம் சாய்கிறோம்.

வண்டாலர் படை ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது, 430 ஆகஸ்டு 28ஆம் நாள் அகுஸ்தினார் மறைந்தார். நகர் வீழ்ந்தது, நூல் எஞ்சியது. வழிப்போக்கரின் கையேடாக அதை அவர் நமக்கு விட்டுச்சென்றார். வழிப்போக்கராகவே அதைப் படிப்போமாக.