யானைமலை ஏறியிருக்கிறீர்களா?

மீனாட்சி கோயிலைப் பார்த்தாயிற்று, ஜிகர்தண்டா குடித்தாயிற்று, மதுரை முடிந்தது என்று ரயிலேறுகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது. யானைமலை ஏறாமல் மதுரையைப் பார்த்தேன் என்று சொல்லவே கூடாது! மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து மேலூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒத்தக்கடை. அங்கே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை, துதிக்கை நீட்டிப் படுத்த யானையேதான்.

நரசிங்கம் ஊர்ப் பக்கமிருந்து விடிகாலையில் ஏறுங்கள். சொரசொரப்பான பாறை காலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சரிவில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை என்று வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். அருகில் போய்ப் பாருங்கள், பூசிய வண்ணம் இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. செய்வித்த சமணத் துறவி அச்சணந்தியின் பெயரும் வட்டெழுத்தில் இருக்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது சமணர் படுக்கைதான். துறவிகள் படுக்கப் பாறையைச் செதுக்கியிருக்கிறார்கள், பக்கத்தில் சுமார் 2,000 ஆண்டுப் பழைய தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்து. அரட்டகாயிபன் என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பாடப்புத்தகத்தில் படித்த வரலாறு கைக்கெட்டும் தூரத்தில்!

முதுகுக்கு ஏறிவிட்டால் காற்று ஆளைத் தள்ளும். ஒரு பக்கம் அழகர்மலை, மறுபக்கம் நகரமும் கோபுரங்களும், அடிவாரத்தில் வேளாண்மைக் கல்லூரியின் பச்சை வயல்கள். இவ்வளவு பெரிய நகரத்தின் வாசலில் இப்படியொரு இடமா என்று வாய்விட்டே சொன்னேன்.

இறங்கியதும் நரசிங்கப் பெருமாள் குடைவரையைத் தவறவிடாதீர்கள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி 770-இல் குடைவித்தது. குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டிப் பணியை முடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்த அந்த மண்டபத்தில் நிற்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

2010-இல் இந்த மலையைச் சிற்ப நகரமாக்கும் பேச்சு எழுந்தபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், மலை பிழைத்தது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மார்கழி, தை மாதங்களில் வாருங்கள், தண்ணீர் நிறைய எடுத்து வாருங்கள். பாறையில் பெயர் கிறுக்காதீர்கள், காலி பாட்டிலை மேலே விட்டுவராதீர்கள்.