சரிவுக்கு ஒரு சான்றிதழ் போதுமா?

நெய்வேலியில் மலை கிடையாது. கடலூர் மாவட்டத்துச் சமவெளியில் வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய நகரியம் அது. ஆனால் அங்கே சரிவுகளுக்குப் பஞ்சமில்லை. அங்குள்ள சுரங்கங்களில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்றியாக வேண்டும். வெட்டிய பள்ளத்தின் பக்கங்கள் ஒரு சரிவு, அள்ளிக் கொட்டிய மண்மேடு இன்னொரு சரிவு. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து இந்த இரண்டையும் நிற்க வைப்பதே அங்குள்ள பொறியாளர்களின் வேலை. மலைச்சரிவில் வீடு கட்டுவதற்கு முன் செய்யும் மண் ஆய்வு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று எடைபோட, இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை.

சரிவு ஆய்வின் அடிப்படை எளிது. மண்ணைக் கீழே இழுக்கும் விசை ஒரு பக்கம், அதைப் பிடித்து நிறுத்தும் வலிமை மறுபக்கம். பின்னதை முன்னதால் வகுத்தால் கிடைப்பது பாதுகாப்புக் காரணி. அது ஒன்றுக்குக் கீழே போனால் சரிவு நிற்காது. கண்ணுக்குக் கெட்டியாகத் தெரியும் நிலத்தைக்கூட எண்ணால் சந்தேகிக்கக் கற்றுத் தந்ததுதான் இந்த முறையின் பெரிய பலம்.

சட்டமும் எண்ணிலேயே பேசுகிறது. நிலக்கரிச் சுரங்க விதிகளின்படி, கொட்டிய மண்ணின் சாய்வு 37.5 பாகையைத் தாண்டக் கூடாது. மேடு 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படிப்படியாக அமைக்க வேண்டும். அதன் அடிவாரம் பொதுச்சாலையிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் தள்ளியிருக்க வேண்டும். இவை நல்ல விதிகள்தான். ஆனால், சாய்வை அளந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிற இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் லால்மாட்டியா சுரங்கத்தில் 23 பேர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். அங்கே சரிந்தது கொட்டிய மண் மட்டுமில்லை, அதைத் தாங்கிய கெட்டித் தரையும் சேர்ந்தே இறங்கியது. அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு, 1966இல், வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் சுரங்கக் கழிவுமேடு பள்ளிக்கூடத்தின் மேல் வழிந்து 144 பேரைக் கொன்றது. அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை நீரூற்றுகளின் மேலேயே கொட்டியிருந்தார்கள். மேட்டைப் பார்த்தார்கள், அடியில் இருந்த தண்ணீரைப் பார்க்கவில்லை.

நெய்வேலி பாராட்டுப் பெறும் இடம் இதுதான். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர் இருக்கிறது. விட்டுவைத்தால் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு மேலேறும். அதனால் குழாய்க் கிணறுகள் வழியே இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள், நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஆய்வு அங்கே ஒருநாள் சடங்காக முடிந்துவிடுவதில்லை. இதற்கு விலையும் உண்டு. சுற்றுவட்டார உழவர்கள் நிலத்தடி நீர் இறங்கிவிட்டதென்று நெடுங்காலமாக முறையிடுகிறார்கள். ஒரு சரிவின் பாதுகாப்பைக் கணக்கிடும்போது இந்தச் செலவு எந்த வாய்பாட்டிலும் வருவதில்லை. வானத்திலிருந்து வரும் நீரோ யாருடைய பம்புக்கும் கட்டுப்படாது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது.

வீடு கட்டுபவரின் கதைக்கு வருவோம். மனையில் துளையிட்டு, மண் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்து ஓர் அறிக்கை தருவார்கள். அது அஸ்திவாரத்துக்கான விடை. மனைக்கு மேலே இருக்கும் சரிவு தாங்குமா என்பது வேறு கேள்வி. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில், ஃபெஞ்சல் புயல் மழையில், மலையிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேரைப் பலிகொண்டன. அந்த ஆபத்து வீட்டின் அஸ்திவாரத்திலிருந்து வரவில்லை, அதற்கு மேலேயிருந்து வந்தது. மனையின் எல்லைக்கல்லோடு நின்றுவிடும் பரிசோதனை இதைக் காட்டியிருக்காது.

அரசு வரைபடங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வகம் நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளை 1:50,000 அளவில் வரைந்திருக்கிறது. வட்டார அளவில் திட்டமிட அது பெரிய உதவி. ஆனால் அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். ஒரு வீட்டு மனை பேனா முனைக்கு அடியில் காணாமல் போய்விடும். நீலகிரியில் கட்டட உயரத்துக்கு ஏழு மீட்டர் வரம்பு வைத்ததும் நல்லதுதான். ஆனால் மலையை எவ்வளவு வெட்டினார்கள், மழைநீர் ஓடையை எங்கே அடைத்தார்கள் என்பதை வீட்டின் உயரம் சொல்லாது.

குறை கணக்கில் இல்லை, கணக்கை ஒருமுறை போட்டுக் கோப்பில் வைத்துவிடும் வழக்கத்தில் இருக்கிறது. நிலக்கரி எடுக்கும் பள்ளத்துக்கு நாள்தோறும் கிடைக்கும் கண்காணிப்பு, குடும்பங்கள் உறங்கும் சரிவுகளுக்குக் கிடைப்பதில்லை. மலையடிவாரத்தில் மனை வாங்குகிறவர்கள் மண் பரிசோதனை அறிக்கையோடு நின்றுவிடாமல், மேலேயுள்ள சரிவை யார் பார்த்தார்கள், அடைமழையில் நீர் எந்த வழியாக இறங்கும், ஒவ்வொரு பருவமழைக்கும் பிறகு யார் வந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.