பிறர் கதையில் நாம்: ‘லெட் இட் ஸ்னோ’ காதற் குறுநாவல் தொகுப்பின் கட்டமைப்பு

ஆய்வுச்சுருக்கம்

மொரீன் ஜான்சன், ஜான் கிரீன், லாரன் மிராக்கிள் ஆகிய மூன்று அமெரிக்க எழுத்தாளர்கள் ஆளுக்கொரு குறுநாவல் எழுதி 2008-இல் வெளியிட்ட தொகுப்பு ‘லெட் இட் ஸ்னோ’. இளையோருக்கான இலகுவான காதற்கதைகள் என்ற வகையில் அடங்கும் இந்நூல், கதைகளை அடுத்தடுத்து வைத்திருப்பதோடு நின்றுவிடவில்லை. ஒரு கதையின் தலைமை மாந்தரை மற்றொரு கதையின் ஓரத்தில் நிறுத்தி, காதல் வயப்பட்டவரின் தன்மையப் பார்வையைத் திருத்துகிறது. தொகுப்பு என்னும் வடிவமே இந்நூலின் கருத்தைச் சுமக்கிறது என்பதையும், அவ்வடிவம் தான் வகுத்துக்கொண்ட நெறியை எவ்விடத்தில் கைவிடுகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குறுநாவல், தொகுப்பு, காதற்கதை, தன்மைக்கூற்று, நகைச்சுவை, முல்லை.

முன்னுரை

இலகுவான காதற்கதைகள் திறனாய்வாளரின் கவனத்தைப் பெறுவது அரிது. முடிவு முன்கூட்டியே தெரிந்த கதையில் ஆராய என்ன இருக்கிறது என்பதே பொதுவான வினா. இவ்வினா அவ்வகை எழுத்தின் இயல்பைப் பிறழ உணர்ந்ததால் எழுவது. தலைவனும் தலைவியும் இறுதியில் இணைவர் என்பது அங்கு ஆசிரியருக்கும் வாசகருக்கும் இடையிலான உடன்பாடு. உடன்பாடு உறுதியாக இருப்பதால் வாசகரின் கவனம் ‘என்ன நடக்கும்’ என்பதை விட்டு ‘எப்படி நடக்கும்’ என்பதன்மேல் செல்கிறது. அகப்பாடல் மரபில் பழகிய தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. குறிஞ்சிப் பாடலைப் படிப்பவர் கூடல் நிகழுமா என்று ஐயுற்றுப் படிப்பதில்லை. கூற்று நிகழ்த்துபவர் யார், எவரிடம், எந்த நிலையில் என்பதையே கருதுகிறார்.

காதற் பொருளைப் பல ஆசிரியர் பங்கிட்டுக்கொண்டு ஒரு நூலாக்குவதும் தமிழுக்குப் பழைய வழக்கமே. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் மருதத்தையும், அம்மூவனார் நெய்தலையும், கபிலர் குறிஞ்சியையும், ஓதலாந்தையார் பாலையையும், பேயனார் முல்லையையும் நூறு நூறு பாடல்களாகப் பாடினர். அங்கு ஆசிரியர்க்கு ஆசிரியர் நிலம் வேறு. ‘லெட் இட் ஸ்னோ’ தொகுப்பிலோ நிலமும் பொழுதும் ஒன்றே. மாந்தரின் பார்வை மட்டுமே வேறு. இவ்வேறுபாட்டிலிருந்தே இத்தொகுப்பின் தனித்தன்மையை விளங்கிக்கொள்ள இயலும்.

தொகுப்பின் அமைப்பு

கிரேஸ்டவுன் என்னும் கற்பனை ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கடும் பனிப்புயல் வீசுகிறது. ஜான்சனின் ‘தி ஜூபிலி எக்ஸ்பிரஸ்’ கதையில் ஜூபிலி என்னும் பெண் புளோரிடாவிலுள்ள தாத்தா பாட்டியிடம் இரயிலில் அனுப்பப்படுகிறாள். கிறிஸ்துமஸ் அலங்காரச் சிறுவீடுகளைச் சேகரிக்கும் பித்துக் கொண்ட அவளுடைய பெற்றோர், அவற்றை வாங்கத் திரண்ட கூட்டத்தில் எழுந்த கலவரத்தில் கைதாகிவிட்டனர் என்பதே காரணம். பனியில் இரயில் நின்றுவிட, அருகிலுள்ள வாஃபிள் ஹவுஸ் உணவகத்துக்குச் செல்லும் அவள் ஸ்டூவர்ட்டைச் சந்திக்கிறாள். தன்னோடு பேசவும் நேரமில்லாத காதலன் நோவாவைப் பற்றிய அவளுடைய மதிப்பீடு, ஸ்டூவர்ட்டின் வீட்டில் தங்கும் வேளையில் மாறுகிறது.

கிரீனின் ‘எ சியர்டாஸ்டிக் கிறிஸ்துமஸ் மிராக்கிள்’ கதையை டோபின் சொல்கிறான். விளையாட்டு அணிகளுக்கு ஆடிப்பாடி ஊக்கமூட்டும் சியர்லீடர்கள் பதினால்வர் அதே இரயிலிலிருந்து இறங்கி வாஃபிள் ஹவுஸில் தங்கியுள்ளனர். அங்கு வேலை செய்யும் நண்பன் கியூன் தொலைபேசியில் அழைக்க, டோபினும் ஜேபியும் ‘டியூக்’ என்று பட்டப்பெயரிட்டு அழைக்கப்படும் ஏஞ்சியும் புயலினூடே காரில் புறப்படுகின்றனர். இளைஞர் இருவரும் சியர்லீடர்களைக் காணச் செல்ல, ஏஞ்சியோ அங்கு கிடைக்கும் உருளைக்கிழங்குப் பொரியலை எண்ணிச் செல்கிறாள். வழியில் காரின் சக்கரம் கழன்று, எஞ்சிய தொலைவை நடந்தே கடக்க நேர்கிறது. டோபின் தேடிச் சென்றது உணவகத்தில் இல்லை, தன் பக்கத்திலேயே நடந்து வந்தது என்பதை அவன் உணர்வதே கதை.

மிராக்கிளின் ‘தி பேட்ரன் செயின்ட் ஆஃப் பிக்ஸ்’ பண்டிகைக்கு மறுநாள் நிகழ்கிறது. ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடையில் வேலை செய்யும் ஆடி என்னும் பெண், மற்றொருவனை முத்தமிட்டதால் காதலன் ஜெப்பை இழந்தவள். மன்னிப்பு வேண்டிச் சந்திக்க அழைத்தும் அவன் வரவில்லை. அத்துயரில் தலைமுடியை வெட்டி இளஞ்சிவப்புச் சாயமும் பூசிக்கொண்டிருக்கிறாள். தோழி டீகனுக்காகக் கடையிலிருந்து ஒரு குட்டிப் பன்றியை எடுத்துவருவதாக வாக்களித்து, தன் கவலையில் அதையும் மறந்துவிடுகிறாள்.

வாசகர் அறிந்ததும் மாந்தர் அறியாததும்

மூன்று கதைகளும் தன்மைக்கூற்றில் அமைந்தவை. தன்மைக்கூற்று காதற்கதைக்குப் பொருத்தமான உத்தி. காதல் வயப்பட்டவர் உலகைத் தம் மனநிலையின் நீட்சியாகவே காண்கிறார். ஒரே பனி ஜூபிலிக்கு இடையூறு, டோபினுக்கு வீரச்செயலுக்கான களம், ஆடிக்குத் தண்டனை. ஒவ்வொரு கதையையும் தனியே படித்தால் இப்பார்வைகளுக்கு மாற்று இல்லை. தொகுப்பாகப் படிக்கும்போதுதான் அவை ஒன்றையொன்று சோதிக்கின்றன.

ஆடியின் துயரம் இதற்குச் சிறந்த சான்று. ஜெப் வராததை அவள் தன்னை நிராகரித்த செயலாகக் கொள்கிறாள். முதற்கதையைப் படித்த வாசகருக்கோ ஜெப் எங்கிருந்தான் என்பது தெரியும். ஜூபிலி பயணம் செய்த அதே இரயிலில் அவனும் சிக்கியிருந்தான். காதலியோடு பேசிவிட வேண்டும் என்று தவித்தான். ஜூபிலியின் கதையில் அவன் சிறுபாத்திரம் மட்டுமே. அவனுடைய தவிப்பு அங்கே வழிப்பயணத்தில் கண்ட ஒரு காட்சியாகக் கடந்துபோகிறது. இரண்டாம் கதையில் அவன் டோபின் வழியே ஆடிக்குச் சொல்லியனுப்பும் செய்தி உரிய நேரத்தில் சென்று சேர்வதில்லை. ஒருவரின் காதல் நிறைவேறும் இரவில் மற்றொருவரின் செய்தி தவறிப்போகிறது.

ஆடிக்குத் தெரியாத ஒன்றை வாசகர் அறிந்திருப்பதால் அவள் புலம்பல் நகைச்சுவையும் ஆகிறது, இரக்கத்துக்கும் உரியதாகிறது. ‘நீ உன்னைப் பற்றி மட்டுமே நினைக்கிறாய்’ என்பதே தோழி டோரி அவள்மேல் சுமத்தும் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டின் உண்மையை வாசகர் அறிவுரையாகப் பெறவில்லை. மற்றவர்களின் இரவைத் தாமே இரண்டு முறை வாழ்ந்து வந்த பட்டறிவாகப் பெறுகிறார். இதைத் தனி நாவல் ஒன்று செய்ய வேண்டுமாயின் எங்கும் நிறைந்த கதைசொல்லி தேவைப்பட்டிருப்பார். இங்கு அப்பணியைத் தொகுப்பின் வரிசைமுறையே ஆற்றுகிறது.

முல்லையின் உரிப்பொருளாகிய இருத்தலை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். முல்லையில் கார்காலம் தலைவனின் வரவுக்கு அடையாளம். பருவம் வந்தும் அவன் வாராதபோது தலைவியின் ஆற்றாமை பெருகுகிறது. ஆடியின் நிலையும் குறித்த பொழுது கடந்த காத்திருப்பே. ஆயினும் இங்கு பருவமே வரவைத் தடுக்கிறது. தலைவனின் குற்றமின்மைக்குப் பனியே சான்று. அச்சான்று கண்முன் இருந்தும் ஆடியின் கண்ணில் படவில்லை. முல்லையில் தலைவியை ஆற்றுவிக்கும் தோழியின் இடத்தில் இங்கு கடிந்துரைக்கும் தோழி நிற்கிறாள். இவ்வகைக் காதற்கதைகளின் நகைச்சுவை பெரும்பாலும் இத்தகைய கடிந்துரையிலிருந்தே பிறக்கிறது.

பிழை செய்தவரின் குரல்

கதைகளுக்கிடையே மற்றோர் எதிரொலியும் உண்டு. முதற்கதையில் ஸ்டூவர்ட் தன் முன்னாள் காதலி குளோயியால் வஞ்சிக்கப்பட்டவன். வஞ்சித்தவள் அங்கு மேடைக்கு வருவதில்லை; பாதிக்கப்பட்டவனின் வலியே கேட்கிறது. மூன்றாம் கதையில் காதலனுக்கு உண்மையாக நடக்காத பெண்ணே கதைசொல்லி. ஸ்டூவர்ட்டின் பக்கம் நின்ற வாசகர், நூலின் முடிவில் அதுபோன்ற பிழையைச் செய்தவள் மன்னிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறார். இரு பெண்களும் ஒருவரல்லர். அவர்களின் செயல்களும் முழுதும் ஒத்தவை அல்ல. எனினும் இக்கதைகளை இவ்வரிசையில் வைத்ததால், ஒரு கதையின் தீயவர் வேறொரு கதையில் வருந்தும் தலைவியாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எழுகிறது. இலகுவான கதைகளில் முழுத்தீயவர் அரிதாகவே தோன்றுவதை மேம்போக்கு என்று ஒதுக்குவதுண்டு. இங்கு அது யாரையும் ஒரு செயலால் மட்டும் அளக்காத நிலைப்பாடாக வளர்கிறது.

கூறுமுறையில் வேறுபாடு

மூவரின் நடையும் ஒன்றல்ல. ஜான்சன் கிளைபிரியும் கதைசொல்லலைக் கையாள்கிறார். தன் பெயருக்குக் கூட நெடிய விளக்கம் தரும் ஜூபிலி, நோவாவைப் பற்றிய நேரான வினாவை அவ்விளக்கங்களால் தள்ளிப்போடுகிறாள். கிரீன் உரையாடலை நம்புகிறார். நண்பர் மூவரின் கேலிப்பேச்சு, சொல்லத் துணியாத விருப்பத்துக்குப் போர்வையாகிறது. ஆண்பாற் பட்டப்பெயரே ஏஞ்சியைப் பெண்ணாகக் காணாதிருக்க டோபினுக்கு உதவுகிறது.

மிராக்கிளின் கதை இவ்விரண்டினும் தளர்ந்தது. தன்னலத்தைத் துறத்தல் என்ற கருத்தை டோரியும் தேவதைகளைப் பற்றிப் பேசும் முதியவளும் வெளிப்படையாக எடுத்துரைக்கின்றனர். கட்டமைப்பு முன்பே உணர்த்திவிட்டதை மீண்டும் சொல்லால் விளக்குவது மிகையாகிறது. குட்டிப் பன்றியை மறந்த நிகழ்ச்சி ஒன்றே போதுமானதாக இருந்தது. கவலையில் மூழ்கியவர் வாக்குத் தவறுவார் என்பதை அது எளிமையாகவும் சிரிப்போடும் காட்டிவிடுகிறது.

தொகுப்பின் எல்லை

பிறருக்கும் கதை உண்டு என்பதே இத்தொகுப்பின் நெறியாயின், அந்நெறி சியர்லீடர்கள் பதினால்வரிடம் வந்து நின்றுவிடுகிறது. ஜூபிலி அவர்களைத் தனித்தனியே அறிய முயல்வதில்லை. ஆம்பர், மேடிசன் என்ற இரு பெயர்களுக்குள் அனைவரையும் அடக்கிவிடுகிறாள். டோபினுக்கும் ஜேபிக்கும் அவர்கள் பனியைக் கடந்து சென்று காண வேண்டிய பரிசு. முதற்கதையில் தொல்லை, இரண்டாம் கதையில் வரம். இரண்டிலும் அவர்கள் கூட்டமே. ஜெப்பை ஒரு கதையின் ஓரத்திலிருந்து மற்றொரு கதையின் நடுவுக்கு அழைத்துவந்த ஆசிரியர்கள், இப்பெண்களில் ஒருவரையும் அவ்வாறு அழைக்கவில்லை.

கிரீனின் கதை இக்குறையை ஓரளவு உணர்ந்திருக்கிறது. சியர்லீடர்களைப் பற்றிய டோபினின் பேச்சு ஏஞ்சிக்குச் சினமூட்டுகிறது. அச்சினத்துக்குப் பிறகே அவன் தன்னை ஆராய்கிறான். ஆயினும் அங்கு கேள்விக்குள்ளாவது டோபினின் பார்வை மட்டுமே. பார்க்கப்படுபவர்களின் குரல் எழுவதில்லை.

லூக் ஸ்னெல்லின் இயக்கத்தில் 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட திரைப்படத்தை இங்கு ஒப்பிடுவது பயனுடையது. இல்லினாய் மாநிலத்து லாரல் என்னும் ஊருக்குக் கதையை மாற்றிய அப்படம், மூன்று கதைகளையும் மாறிமாறி வரும் காட்சிகளாகப் பின்னுகிறது. அதனால் முன்கதையில் ஓரமாகக் கண்டவரைப் பின்கதையில் மையமாகக் காணும் வாசிப்பு அனுபவம் குறைகிறது. மறுபுறம், டோரிக்கும் உணவகத்துக்கு வரும் அக்குழுவைச் சேர்ந்த கெர்ரி என்னும் பெண்ணுக்கும் இடையே ஒரு காதலைப் படம் உருவாக்குகிறது. நூல் கூட்டமாக விட்டுச்சென்றவர்களில் ஒருத்திக்குப் பெயரும் விருப்பமும் தயக்கமும் கிடைக்கின்றன. வடிவத்தில் நூலினும் எளிய படம், நூலின் நெறியை இந்த ஓரிடத்தில் மேலும் ஒரு படி கொண்டு செல்கிறது.

முடிவுரை

நூலின் இறுதியில் மூன்று கதைகளின் இணைகளும் ஆடி வேலை செய்யும் காப்பிக்கடையில் ஒன்றுகூடுகின்றனர். இது பண்டிகைக் கதைக்குரிய மங்கலமான முடிவு. அதே வேளையில், தனித்தனிக் கூற்றுகளில் ‘நான்’ என்று பேசியவர்கள் ஒருவர் கண்ணில் ஒருவர் ‘அவர்’ ஆகும் இடமும் அதுவே. ஜூபிலியும் டோபினும் இங்கு ஆடியின் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள். அவர்களின் பெரும் இரவு அவளுடைய காலையில் ஒரு செய்தி.

காதல் வயப்பட்டவர் உலகின் மையத்தில் தாமே நிற்பதாக உணர்வது இயல்பு. தனிக் காதற்கதை அவ்வுணர்வை வளர்க்கிறது; குறுநாவல் தொகுப்பு அதை மறுக்காமல் அளவுக்குள் நிறுத்துகிறது. இவ்வளவு கனிவோடு இதைச் செய்ய ‘லெட் இட் ஸ்னோ’ நூலுக்கு அதன் இலகுவான தொனியே துணை. இத்தகைய தொகுப்புகளை மதிப்பிடும் திறனாய்வு, கதைகளைத் தனித்தனியே எடைபோடுவதோடு அமையாது, ஒரு கதையிலிருந்து அடுத்த கதைக்கு எவர் கடந்து வருகிறார், எவர் வாயிலிலேயே நிறுத்தப்படுகிறார் என்பதையும் கேட்க வேண்டும்.