கோல்கீப்பர் கணக்கு

ஏற்காட்டில் கூட்டம் தாங்கவில்லை என்று செம்மநத்தம் பக்கம் ஒதுங்கினேன். சரிவான ஒரு திட்டில் பையன்கள் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்பக்கத்து கோலில் நின்றவன்தான் பாவம். அவனைத் தாண்டிய பந்து நேரே காப்பிச் செடிகளுக்குள் உருண்டு ஓடிவிடும். கோல் அடித்தவன் குதிப்பான். பந்தைத் தேடி இறங்குவது இவன் வேலை.

எனக்கு பீட்டர் தங்கராஜ் ஞாபகம் வந்தார். அவரும் மலையில் உருவான ஆள்தான். ஆனால், இந்த மலை இல்லை, நீலகிரி.

'யாருங்க அவர்?' என்கிறீர்களா? தப்பு உங்கள் மேல் இல்லை. 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். அதனாலேயே 'நம்மாளு' என்று இங்கே யாரும் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து, குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு வந்தார். அதுவரை சென்டர் ஃபார்வர்டு. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷனை அங்கேதான் கோலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1955, 1958 என்று இரண்டு முறை டியூரண்ட் கோப்பை அந்த அணிக்கு. நடுவில் மெல்போர்ன் ஒலிம்பிக், அடுத்து ரோம். கல்கத்தாவில் முகமதன், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடிவிட்டார். அங்கே அது சாதாரண விஷயமில்லை சார், குடும்பமே இரண்டாகப் பிரியும்!

2024-ல் 'மைதான்' என்று ஒரு இந்திப் படம் வந்தது. அஜய் தேவ்கன்தான் கோச் ரஹீம். நல்ல படம்தான். ஆனால் கோச்சின் படம். தங்கராஜ் அதில் கூட்டத்தில் ஒருவர். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மேட்ச்சிலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தங்கராஜுக்குக் காய்ச்சல். பிரத்யுத் பர்மன் கோலில் நிற்க, அணி ஜெயித்துக்கொண்டே ஃபைனலுக்கு வந்துவிட்டது. எதிரே மறுபடி அதே கொரியா. ஜெயித்துக் கொடுத்த கீப்பரை உட்காரவைத்து, காய்ச்சலில் கிடந்தவரை எழுப்பி நிறுத்தினார் ரஹீம். உயரப் பந்துகளைப் பிடிக்க உயரமான ஆள் வேண்டுமாம். என்ன தைரியம்!

பி.கே.பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒன்று. இரண்டு கோலும் முதல் பாதியிலேயே விழுந்துவிட்டன. அப்புறம் ஒரு பாதி முழுக்க அந்தக் கணக்கைக் காப்பாற்ற வேண்டுமே? அரங்கமோ இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறது. 2-1 என்று முடித்தார்கள். தங்கம். தோற்றிருந்தால் முதல் அடி தங்கராஜுக்குத்தான் விழுந்திருக்கும். ஜெயித்ததால் கோல் அடித்தவர்கள் பேர் நின்றது. நான் பி.காம். படித்தவன். பற்று மட்டும் எழுதி, வரவே எழுதாத ஒரு கணக்குப் புத்தகம் உண்டென்றால் அது கோல்கீப்பருடையதுதான்.

ரஹீம் 1963-ல் இறந்துபோனார். படத்துக்கு அது முடிவு. தங்கராஜ் அதற்கப்புறமும் ஆடினார். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். 1967-ல் அர்ஜுனா விருது. 1971-ல்தான் ஓய்வு. அந்தப் பத்து வருஷத்தில் இந்திய ஃபுட்பால் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இறங்குகிற அணியில் கோலில் நிற்பவன் கதையை யார் எடுப்பார்கள்? 2008-ல் பொகாரோவில் காலமானார்.

'மைதான்' எங்காவது கிடைத்தால் அவசியம் பாருங்கள். அந்தக் கடைசி மேட்ச் வரும்போது மட்டும், பந்தை விட்டுவிட்டு கோல்கம்பத்துப் பக்கம் கண்ணை வையுங்கள்.