மேகமும் கல்வட்டமும்

சித்தன்னவாசலுக்குப் போகிற நம்மவர்கள் ஓவியத்தையும், ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் தவம் செய்த கற்படுக்கைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மலையைச் சுற்றியுள்ள வெளியில் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் கிடப்பதைக் கவனிப்பவர் கொஞ்சம் பேர்தான். போட்டோ எடுக்கிறவர்கள் கவனிக்கிறார்கள். அந்த மட்டில் அவர்களைப் பாராட்ட வேண்டும். எடுக்கிற விதம்தான் எனக்கு உடன்பாடில்லை.

மழைமேகம் திரளும் நேரமாகப் பார்த்து, காமிராவைத் தரையோடு தரையாக வைத்துப் பிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. படத்தில் முக்கால் பங்கு வானம். முழங்கால் உயரக் கல் கோபுரம் மாதிரி நிற்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கல்வட்டம் என்பது உள்ளே புதைத்த தாழியையோ கல்லறையையோ சுற்றி இட்ட எல்லை. வட்டம் எத்தனை அடி அகலம், கற்கள் எத்தனை, பலகைக்கல்லில் உள்ள இடுதுளை எந்தத் திசை பார்க்கிறது, இவைதான் அதில் செய்தி. தரையோடு பார்த்தால் வட்டமே தெரியாது. வரிசையாக நாலு கல் தெரியும், அவ்வளவே.

மேகம் மூடினால் நிழலும் போய்விடும். நம் மகாராஷ்டிரத்திலேயே, நாக்பூருக்குப் பக்கத்தில் ஜூனாபானியில் ஏறத்தாழ 300 கல்வட்டங்கள் உள்ளன. 1879-இல் ரிவெட்-கார்னாக் அவற்றைப் பற்றி எழுதினார். சில கற்களில் வரிசையாகச் சிறு குழிகள் செதுக்கியிருக்கிறார்கள். வெயில் சாய்வாக விழுந்தால்தான் அவை நன்றாகக் கண்ணில் படும்.

நான் பாத்திர வியாபாரி. அண்டா வாங்க வருகிறவர் 'எத்தனை பேருக்குச் சமைக்கலாம்?' என்றுதான் முதலில் கேட்பார், பளபளப்பெல்லாம் அப்புறம். புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் குயவனிடம் பேசுவதும் அளவைப் பற்றித்தான். தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழி அகலமாக வேண்டும் என்கிறாள். அவள் துக்கம் முழுவதும் அந்த அகலத்தில் இருக்கிறது. அதைக் காட்டாத படம் எதைக் காட்டுகிறது?

சோராப்பூர் சீமையில் கண்ட ஈமச்சின்னங்களைப் பற்றி மெடோஸ் டெய்லர் 1850-களின் தொடக்கத்தில் நம் பம்பாய் ஆசியக் கழக இதழில்தான் எழுதினார். தோண்டிய குழியின் வெட்டுமுகத்தையும் அவர் வரைந்து வைத்தார். மண் அடுக்கு எது, எலும்பு எங்கே, பானை எங்கே என்று அதில் சொல்லிவிடலாம். நம் கையிலோ செல்போன் இருக்கிறது, அந்தப் பொறுமை இல்லை.

கல் உடைப்பிலும் வீட்டுமனையிலும் ஒரு கல்வட்டம் போய்விட்டால் மிஞ்சுவது படம் ஒன்றுதான். எங்கே இருந்தது, எத்தனை கல் என்று அதை வைத்துச் சொல்ல முடியாவிட்டால் அது சாட்சிக்கு உதவாது.

லீவுக்கு ஊர் போகும் பிள்ளைகள் மேகப் படமும் எடுக்கட்டும். கூடவே மேட்டில் நின்று வட்டம் முழுவதும் தெரிய ஒன்று, பக்கத்தில் அடிக்கோல் வைத்து ஒன்று, இடுதுளைக்கு நேரே நின்று ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் குவாரி தெரிந்தால் அதையும் விட்டுவிட வேண்டாம். படத்துக்காகக் கல்லை மட்டும் நகர்த்தக் கூடாது.