வேறுபாட்டின் வேரைத் தேடும் நூல்: ‘பிதாயத்துல் முஜ்தஹித்’தின் உளூ அத்தியாயம்

மத்ஹபுகளின் சட்ட வேறுபாடுகளைத் தொகுத்துரைக்கும் நூல்கள் பல உள. ஒவ்வொரு வேறுபாட்டிற்கும் காரணம் யாது எனத் தொடர்ந்து வினவும் நூல்கள் சிலவே. குர்துபாவின் காழீயாக விளங்கிய இப்னு ருஷ்து (1126–1198) இயற்றிய ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ அச்சிலவற்றுள் தலையாயது. அதன் சிறப்பையும் குறையையும் அறிய உளூ அத்தியாயம் ஒன்றே போதும்.

உளூவில் தலை முழுவதையும் மஸ்ஹு செய்ய வேண்டும் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முடிவு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களிடம் சிறிதளவே போதுமானது. ஹனஃபீகளிடம் தலையின் காற்பகுதி கடமை. திருமறையின் 5:6 வசனத்தில் ‘தலைகள்’ என்னும் சொல்லின் முன் நிற்கும் ‘பா’ என்ற ஓரெழுத்தையே இப்னு ருஷ்து காரணமாகக் காட்டுகிறார். அது கூடுதலாக வந்த எழுத்து எனின் முழுத் தலை. ‘ஒரு பகுதி’ என்னும் பொருளைத் தருவது எனின் சிறிதளவு.

நிய்யத்துப் பற்றிய ஆய்வு இன்னும் நுட்பமானது. உளூ தூய வணக்கமா, அசுத்தத்தைக் கழுவுவது போன்று அறிவுக்குப் புலனாகும் தூய்மையா? இரண்டின் சாயலும் அதில் உண்டு. ஆகவேதான் ஹனஃபீகள் நிய்யத்தைக் கடமையாக்கவில்லை. ஏனைய மூவரும் கடமையாக்கினர். எதிர்த்தரப்பின் நியாயத்தை இவ்வளவு நேர்மையுடன் எடுத்துரைப்பது எளிதன்று.

எனினும், மொழிக் காரணம் எல்லா இடத்தும் முடிவான விடையாகாது. பகுதிப் பொருளைக் கூஃபா இலக்கணவாணர் ஏற்றனர். இப்னு ஜின்னீயோ மறுத்தார். இலக்கணமே பிணக்குக்குரியதாகும்போது நபிமொழியை நாட வேண்டியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் முன்னுச்சி முடியையும் தலைப்பாகையையும் தடவியதாக முகீரா (ரலி) அறிவிக்கிறார்கள். முன்னுச்சியின் அளவை ஹனஃபீகள் சான்றாக்கினர். தலைப்பாகையின் மீது தடவி நிறைவு செய்ததே முழுத் தலைக்குச் சான்று என்றனர் மற்றோர். ஒரே ஹதீஸ் இரு தரப்பிற்கும் ஆதாரமாகும் இவ்விடம் இன்னும் விரிவான ஆய்வுக்குரியது.

மற்றொரு குறையும் உண்டு. மத்ஹபுகளின் கருத்துகளைப் பெரும்பாலும் இப்னு அப்துல் பர்ரின் ‘அல்இஸ்தித்கார்’ நூலிலிருந்தே எடுத்ததாக ஆசிரியரே கூறுகிறார். அது ‘முவத்தா’வின் விரிவுரை. ஆதலின் ஏனைய மத்ஹபுகளின் தீர்ப்புகளை, குறிப்பாக ஹன்பலீகளின் தீர்ப்புகளை, அவரவர் நூல்களில் ஒப்புநோக்கியே கொள்ள வேண்டும்.

தமிழகத்தில் ஹனஃபீகளும் ஷாஃபிஈகளும் ஒரே ஸஃப்பில் நிற்கின்றனர். மனைவியைத் தொட்டபின் உளூவைப் புதுப்பிக்காத ஹனஃபீ இமாமைப் பின்பற்றலாமா என்ற ஐயம் ஷாஃபிஈ ஒருவருக்கு எழக்கூடும். ‘லாமஸ்தும்’ என்ற சொல் கையால் தொடுதலையும் இல்லறக் கூடலையும் குறிக்க இடந்தருகிறது என அறிந்தவர், தம் மத்ஹபைக் கைவிடவும் மாட்டார். அடுத்தவரின் தொழுகையை இழிவாகக் கருதவும் மாட்டார். தீர்ப்பை மட்டும் மனனம் செய்த மாணவருக்கு இப்பக்குவம் வாய்ப்பதரிது. நம் அரபிக் கல்லூரிகளின் இறுதி வகுப்புகளில் இந்நூலை ஒப்பீட்டு நோக்குடன் கற்பிக்க வேண்டுவது இதன் பொருட்டே.