சிப்பிக் கணக்கு

சர்க்கார் அறிக்கைகளையும் நாவலைப் போலவே படித்து விமர்சிக்க வேண்டும் என்பது என் கட்சி. அவற்றிலும் பாத்திரங்கள் உண்டு. எதைச் சொல்லாமல் விடுவது என்ற சாமர்த்தியமும் உண்டு.

அமெரிக்கா பிற நாடுகளுக்கு இனாமாகவும் விலைக்கும் கொடுக்கும் ஆயுதங்களின் கதியைக் கண்காணிக்க 1996இல் சட்டம் செய்தது. ராணுவ இலாகாவின் திட்டத்துக்குப் பெயர் 'தங்கக் காவலாளி'. வெளிநாட்டு இலாகாவின் திட்டத்துக்கு 'நீல விளக்கு'. பெயர் வைத்தவர் யாரோ, கவிதை எழுதியிருக்க வேண்டியவர்! காவலாளி செய்வது என்னவென்றால், வாங்கிய நாட்டுக்குப் போய், கிட்டங்கியைத் திறக்கச் சொல்லி, பூட்டைச் சோதித்து, சாமானின் நம்பரை ஏட்டோடு ஒப்பிடுவதுதான்.

2018இல் குவாதமாலாவில் ஒரு சம்பவம். எல்லைக் காவலுக்கென்று அமெரிக்கா கொடுத்த ஜீப்புகள், ஊழலை விசாரித்துக்கொண்டிருந்த ஐ.நா. ஆதரவு பெற்ற கமிஷனின் அலுவலகத்துக்கு முன்னால் துப்பாக்கி சகிதம் வந்து நின்றன. ஜீப்பு ஒன்றும் தொலைந்துபோகவில்லை. எண்ணிப் பார்த்திருந்தால் கணக்கு நேராகவே இருந்திருக்கும். கொடுத்த காரியத்துக்குத்தான் சாமான் பயன்பட்டதா என்று பார்க்க இந்த ஏற்பாடு போதாது என்பதை அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அலுவலகமே 2022இல் எழுதிற்று. அந்த ஒரு அறிக்கையை நான் நல்ல இலக்கியம் என்பேன். தன் பாத்திரத்தின் குறையைத் தானே பார்க்கிறது அல்லவா?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1955 முதல் 1961 வரையில். பாரிலிருந்து எடுத்த சிப்பியைக் கரையில் குவித்து, எண்ணி, குளியாளின் பங்கு போகச் சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். எண்ணிக்கையில் பிசகு இராது. ஆனால் உள்ளே முத்து இருக்கிறதா என்பது, ஏலம் எடுத்தவன் சிப்பியை அழுகவிட்டு, நாற்றத்தைச் சகித்துக்கொண்டு கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும். தங்கக் காவலாளி எண்ணுவதும் சிப்பியைத்தான்.

நாம் இதைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. பாகிஸ்தானுக்குத் தரும் ஆயுதம் இந்தியாவுக்கு எதிராகத் திரும்பாது என்று 1954இல் ஐசனோவர் நேருவுக்கு உறுதி சொன்னார். 1965 செப்டம்பரில் பாட்டன் டாங்கிகள் பஞ்சாபுக்குள் வந்தன. அவற்றில் பல எங்கே இருக்கின்றன என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அசல் உத்தர் வயல்களில் உடைந்து கிடக்கின்றன என்று துல்லியமாகப் பதில் கிடைத்திருக்கும்.

இப்போது நாமும் கொடுப்பவர்கள். நம் கடலோரக் காவல்படையின் 'வராகா' என்ற கப்பல் 2006இல் குத்தகையாக இலங்கைக்குப் போய் 'சாகர' ஆயிற்று; 2015இல் நன்கொடையே ஆயிற்று. அந்தக் கப்பல் தீங்கு செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2024 ஆகஸ்டில் தருவைகுளத்து மீனவர்கள் 22 பேர் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு, நாம் கொடுத்த சாமான்கள் அந்தக் கடலில் என்ன செய்கின்றன என்று கேட்க உரிமை உண்டு.

மன்னார்க் கரையில் இருக்கும் மீனவனையும் கேட்க வேண்டும். நம் கரையிலிருந்து போகும் விசைப்படகுகள் வலையை அறுத்துவிடுகின்றன என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. கடற்படைதான் எனக்குத் துணை என்று அவன் சொல்லக்கூடும். அதுவும் வாஸ்தவமாகவே இருக்கும்.

எனவே ஏட்டில் இன்னொரு கலம் போடச் சொல்கிறேன். சாமான் எத்தனை, பூட்டு உண்டா என்பதற்குப் பக்கத்தில், அது யாருக்கு முன்னால் போய் நின்றது என்றும் எழுதட்டும். அந்தக் கலத்தைக் கிட்டங்கிக்குள் உட்கார்ந்து நிரப்ப முடியாது. இரண்டு கரைக்கும் நடந்துபோய், கேட்டுத்தான் எழுத வேண்டும்.